சின்னக் கால்களுக்கு ஏற்ற பயணம்



ஆண்டுத் தேர்வுகள் முடியும் காலம் நெருங்கிவிட்டால் பங்குத்தந்தையின் அறை வாசலில் ஒரு புதுவகைக் கூட்டம் கூடத் தொடங்கும். ஞானஸ்நானச் சான்றிதழுக்காகவும் திருமண ஓலைக்காகவும் வருகிறவர்கள் ஒருபுறமிருக்க, "சாமி, பிள்ளைகளை இந்த விடுமுறையில் சென்னைக்குக் கூட்டிப் போகலாமென்று இருக்கிறோம். எங்கே தங்கலாம்? எதையெல்லாம் பார்க்கலாம்?" என்று கேட்டு வருகிறவர்கள் மற்றொரு புறம். குருமடப் பயிற்சிக் காலத்திலும், பின்னர் பணியின் நிமித்தமாகவும் அந்நகரில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் நாம் என்பதை அவர்கள் அறிவர். ஒவ்வொரு குடும்பத்திற்கும் தனித்தனியே கூறிவந்த செய்திகளை இம்மாதம் எல்லாருக்கும் சேர்த்துக் கூறிவிடலாமென எண்ணுகிறோம்.

அதற்கு முன் ஒரு நிகழ்ச்சி. சென்ற ஆண்டு கோடையில் எமது பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பம் சென்னைக்குச் சென்றது. தந்தை ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் கணக்கு எழுதுபவர். எதையும் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்னும் எண்ணமுடையவர். கணவனும் மனைவியும், பதின்மூன்று, ஒன்பது, ஆறு வயதுள்ள மூன்று பிள்ளைகளும், பிள்ளைகளின் பாட்டியும், சிற்றப்பாவும் சித்தியுமாக எட்டுப் பேர். புறப்படுவதற்கு முன் அவர் ஒரு தாளை எம்மிடம் காட்டினார். இரண்டு நாட்களில் பார்க்கவேண்டிய பதினான்கு இடங்கள், நேரத்தோடு வரிசையாக எழுதப்பட்டிருந்தன. "இவ்வளவும் முடியுமா?" என்றோம். "பணம் செலவழித்துப் போகிறோம், சாமி. ஒன்றையும் விடக்கூடாது அல்லவா?" என்றார் அவர்.

இரண்டாம் நாள் மாலை, பதினோராவது இடமாகக் கடற்கரை. வெயிலில் அலைந்து களைத்த பாட்டி மணலில் அமர்ந்துவிட்டார். தாய் அவருக்குத் தண்ணீர் தேடிச் சென்றார். தந்தை மூத்த பிள்ளைகள் இருவருடன் அலையோரம் நின்றார். சிற்றப்பா படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஆறு வயதுச் சிறுவன் தாயுடன் இருப்பதாகத் தந்தை நினைத்தார். தந்தையுடன் இருப்பதாகத் தாய் நினைத்தார். பாட்டியின் பக்கத்தில் இருப்பதாகச் சித்தி நினைத்தார். எல்லாரும் ஒன்றுகூடியபோது அவன் ஒருவரிடமும் இல்லை.

நாற்பது நிமிடங்கள் கழித்துப் பிள்ளை கிடைத்தான். சுண்டல் விற்கும் அம்மையார் ஒருவர் அவனைத் தம் கூடையருகில் அமர்த்தி, கையில் ஒரு பொட்டலமும் கொடுத்து வைத்திருந்தார். "கூட்டிக்கொண்டு அலைந்தால் தேடுகிறவர்கள் கண்ணில் படமாட்டான், ஒரே இடத்தில் இருந்தால்தான் படுவான்" என்றாராம் அந்த அம்மையார். படிப்பறிவு அதிகமில்லாத அவர் கூறிய அச்சொல்லை நாம் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம். "உன் அப்பா பேரென்ன?" என்று அவர் கேட்டதற்கு, "அப்பா" என்றுதான் சிறுவனால் சொல்ல முடிந்தது.

பிள்ளையைக் கண்ட தந்தை, நடுக்கமும் கோபமும் தாங்காமல் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டார். ஊர் திரும்பியபின் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நாம் அச்சிறுவனிடம், "சென்னையில் என்ன பார்த்தாய்?" என்று கேட்டோம். சற்று யோசித்துவிட்டு, "அப்பா அடிச்சாங்க" என்றான். அன்று மாலை தந்தை எம்மிடம் வந்தார். "பதினான்கில் பதினொன்றைக் காட்டினேன், சாமி. அவனுக்கு ஒன்றுகூட நினைவில் இல்லை" என்று கூறிக் கண்கலங்கினார்.

அவரைக் குற்றம் சாட்ட எமக்கு நா எழவில்லை. திருக்குடும்பத்திற்கே இவ்வாறு நேர்ந்ததை லூக்கா நற்செய்தியாளர் தமது இரண்டாம் அதிகாரத்தில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். நாசரேத்து என்னும் சிற்றூரிலிருந்து எருசலேம் என்னும் பெருநகருக்குப் பாஸ்கா விழாவுக்காக, பன்னிரண்டு வயது மகனுடன் சூசையப்பரும் மரியன்னையும் சென்றார்கள். திரும்பும்போது மகன் நகரிலேயே தங்கிவிட்டதை அவர்கள் அறியவில்லை. உடன் வந்த பயணிகள் கூட்டத்தில் எங்கோ இருப்பான் என்று எண்ணி ஒருநாள் வழி நடந்துவிட்டார்கள். மூன்றாம் நாள்தான் அவரைக் கோவிலில் கண்டார்கள். அன்பு குறைந்ததால் நேர்ந்த தவறன்று அது. உறவினர் பலர் உடனிருந்ததால், யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்னும் நம்பிக்கையால் நேர்ந்தது. கண்டபோது தாய் தம் துயரத்தைச் சொல்லி மகனிடம் ஒரு கேள்வி கேட்டார், கை ஓங்கவில்லை.

ஆகவே பெருநகருக்குப் பிள்ளைகளோடு செல்லத் திட்டமிடும் பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே: எத்தனை இடங்கள் பார்ப்பது என்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்காதீர்கள். உங்கள் குடும்பத்தின் கடைக்குட்டி எவ்வளவு தூரம் நடப்பான், எத்தனை மணிக்குப் பசிப்பான், எப்போது உறங்குவான் என்பதிலிருந்து தொடங்குங்கள். அவனுடைய கால்களே அளவுகோல். அவனுக்கு ஏற்ற பயணம் மூத்த பிள்ளைகளுக்கும் ஏற்றதாகவே இருக்கும். பாட்டிக்கோ மிகவும் ஏற்றதாக இருக்கும்.

முதலாவது, காலம். நம் மக்கள் பெரும்பாலும் மே மாதத்தையே தேர்ந்தெடுக்கின்றனர். கத்திரி வெயிலில் சென்னையில் 40 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் ஏறுவது புதிதன்று. அத்துடன் கடற்காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து பிள்ளைகளை வாட்டிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் நகரம் வெள்ளத்தில் மிதந்ததை மறந்துவிட முடியாது. சனவரி, பிப்ரவரி மாதங்களே இதமானவை. பொங்கல் விடுமுறையில் செல்வோர் காணும் பொங்கலன்று மட்டும் மெரினாவைத் தவிர்ப்பது நலம். அன்று கூடும் கூட்டத்தில் பிள்ளைகள் தவறிவிடாதிருக்க, தொலைபேசி எண் எழுதிய பட்டைகளைக் காவல் துறையினர் அவர்களுடைய கையில் கட்டிவிடுகின்றனர் என்றால் கூட்டத்தின் அளவை நீங்களே எண்ணிக்கொள்ளலாம். கோடையில்தான் விடுப்புக் கிடைக்கும் என்போர் ஏப்ரல் மாதத்திலேயே சென்றுவிட முயலட்டும். மேலும், முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் நான்கு மணி வரை பிள்ளைகளை வெயிலில் இறக்குவதில்லை என்று உறுதி செய்துகொள்ளட்டும்.

இரண்டாவது, வழிப்பயணம். தொடர்வண்டி இரவுப் பயணமே பிள்ளைகளுக்கு உகந்தது. முன்பதிவு 1-11-2024 முதல் பயணத்திற்கு 60 நாட்களுக்கு முன்னர்தான் தொடங்குகிறது. அதற்கு முன்பு 120 நாட்களாக இருந்தது. எனவே நாட்காட்டியில் அந்த நாளைக் குறித்து வையுங்கள். ஐந்து வயது நிறையாத குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் கட்டணமில்லை. ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயது நிறையாத பிள்ளைக்கு, தனிப் படுக்கை வேண்டாமென்றால் பாதிக் கட்டணம். படுக்கை வேண்டுமென்றால், 2016-ஆம் ஆண்டு முதல் முழுக் கட்டணம். எட்டு வயதுப் பிள்ளையைத் தாயின் படுக்கையிலேயே படுக்க வைத்து மிச்சம் பிடிக்கலாம் என எண்ணுவோர் உண்டு. அவ்விரவில் இருவருமே உறங்கமாட்டார்கள். மறுநாள் முழுவதும் அதன் விளைவு பிள்ளையின் அழுகையிலும் தாயின் எரிச்சலிலும் தெரியும். செலவைக் குறைக்க வேறு இடங்கள் உண்டு, உறக்கத்தில் வேண்டாம்.

பேருந்தில் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு சென்னைக்குச் சென்று வந்தவர்கள் கோயம்பேட்டை நினைத்துக்கொண்டிருப்பார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டபின், தென் மாவட்டங்களின் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகருக்குள் செல்ல மேலும் ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் ஆகும். விடியற்காலையில் உறங்கும் பிள்ளையையும் மூட்டைகளையும் தூக்கிக்கொண்டு திகைத்து நிற்காதிருக்க, அடுத்த வண்டி எது என்பதை ஊரிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, என்னென்ன பார்ப்பது? காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம், நடுவே உணவும் ஓய்வும். இதற்கு மேல் வேண்டாம். எடுத்துக்காட்டாக மூன்று நாள் திட்டம் ஒன்றைக் கூறுகிறோம். எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவிற்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. இவ்விரண்டின் மூடிய கதவுகளுக்கு முன் நின்று திரும்பிய குடும்பங்களை நாம் அறிவோம். ஆதலால் செவ்வாய் இரவு ஊரிலிருந்து புறப்பட்டால் புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் தடையின்றி அமையும். வார நாட்களாதலால் கூட்டமும் குறைவு.

புதன் காலை எழும்பூரில் இறங்கி, குளித்து, பசியாறி, பிள்ளைகளைச் சற்று உறங்கவிடுங்கள். பின்னர் அருகிலுள்ள அருங்காட்சியகம். 1851-இல் தொடங்கப்பட்ட இதில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளும் அமராவதிச் சிற்பங்களும் உலகப் புகழ் பெற்றவை. ஆயினும் உங்கள் பிள்ளை திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டைவிட்டு நகரமாட்டான். நகரவேண்டாம், அங்கேயே நிற்கட்டும். எல்லாக் கூடங்களையும் பார்த்தே தீரவேண்டும் என்ற சட்டம் இல்லை. மாலை வெயில் தணிந்தபின் சாந்தோம் ஆலயம். புனித தோமையாரின் கல்லறை மீது எழுந்துள்ள இவ்வாலயத்தின் இன்றைய கட்டடம் 1896-இல் முடிக்கப்பட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 பிப்ரவரியில் இங்கு வந்து செபித்தார். பாட்டிமார் நெடுநேரம் முழந்தாளிட விரும்புவர். அந்நேரம் பிள்ளைகளை அமைதி காக்கும்படி மிரட்டாமல், ஒருவர் வெளியே அழைத்துச் சென்று கடலைக் காட்டலாம்.

கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மெரினாவில் கரையோரத்திலேயே ஆழம் திடீரென அதிகரிக்கும். நீரின் உள்ளிழுப்பும் வலிமையானது. நீச்சல் அறிந்த இளைஞர்களே அங்கு உயிரிழந்திருக்கிறார்கள். குளிப்பதைக் காவல் துறை தடை செய்திருப்பது இதனாலேயே. குளத்திலும் கிணற்றிலும் நீந்திப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதனைப் புறப்படுமுன்பே சொல்லிவிடுங்கள். கால் நனைப்பதானால் பெரியவர் கையைப் பற்றிக்கொண்டே நனைக்கட்டும்.

வியாழன் காலை வண்டலூர். எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்சார வண்டியில் வண்டலூர் நிலையத்திலேயே இறங்கலாம். அலுவலகம் செல்வோர் நெருக்கும் நேரத்தில் மட்டும் பிள்ளைகளுடன் மின்சார வண்டியில் ஏறவேண்டாம். அதற்கு முன்னரோ பின்னரோ செல்லுங்கள். பூங்காவின் பரப்பு 602 எக்டேர். முழுவதும் நடந்து பார்ப்பது பெரியவர்களாலேயே இயலாது. யானை, புலி, மனிதக் குரங்கு எனப் பிள்ளைகள் விரும்பும் மூன்றையோ நான்கையோ தேர்ந்துகொண்டு, மின்கல ஊர்தியில் சுற்றி வந்தால் போதும். மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் மட்டும் உள்ள வீட்டார் வண்டலூருக்குப் பதிலாகக் கிண்டியிலுள்ள சிறுவர் பூங்காவையும் அடுத்துள்ள பாம்புப் பண்ணையையும் பார்க்கலாம். இவை இரண்டிற்கும் செவ்வாய்க்கிழமையே விடுமுறை. அன்று மாலை எங்கும் செல்லாதீர்கள். தங்கியிருக்கும் தெருவையே பிள்ளைகள் பார்க்கட்டும். மாடி வீடுகளும் மின்தூக்கியும் ஓயாத போக்குவரத்தும் அவர்களுக்கு ஒரு காட்சியே.

வெள்ளி அதிகாலை பரங்கிமலை. எழும்பூரிலிருந்து மெட்ரோ தொடர்வண்டியில், வண்டி மாறாமல் புனித தோமையார் மலை நிலையத்தை அடையலாம். 2015-இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டியே பிள்ளைகளுக்கு ஒரு திருவிழா. மலைமீது போர்த்துக்கீசியர் 1523-இல் எழுப்பிய ஆலயம் உள்ளது. ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் அமைத்த படிகள் இருக்கின்றன. முதியோருக்கு வாகனம் ஏறும் பாதையும் உண்டு. உச்சியில் நின்றால் மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்குவதைக் காணலாம். இம்மலையின் அருகே 1802-இல் வில்லியம் லாம்டன் நிலத்தில் ஒரு நேர்கோட்டை அளந்துதான், இந்தியா முழுவதையும் அளக்கும் மாபெரும் பணியைத் தொடங்கினார். பள்ளியில் முக்கோணவியல் பயிலும் மூத்த பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள். அவன் அம்மலையை மறக்கமாட்டான். அன்றிரவே வண்டியேறிவிடலாம்.

இத்திட்டத்தில் நான்கே இடங்கள். மாமல்லபுரம் இல்லை, கோட்டை இல்லை, கடைவீதி இல்லை என்று குறைபடுவோர் இருக்கலாம். பார்க்காமல் விட்ட இடங்கள் அடுத்த பயணத்திற்குக் காரணமாக இருக்கட்டும். இன்னொன்று: புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு மாலைச் செபத்திற்குப் பின் பிள்ளைகளை அமர்த்தி, ஒவ்வொருவரையும் தனக்கு விருப்பமான ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். ஒருவன் இரட்டை அடுக்கு மேம்பாலத்தைக் கேட்பான். ஒருத்தி பஞ்சு மிட்டாயைக் கேட்பாள். எதுவாயினும் அதற்கு இடம் கொடுங்கள். தன் விருப்பமும் மதிக்கப்பட்ட பயணத்தில் பிள்ளை முரண்டு பிடிப்பது குறையும்.

நான்காவது, தங்குமிடம். நம்மில் பலருக்கு நகரில் உறவினர் இருக்கின்றனர். அங்கே தங்குவதே வழக்கம். உறவு வாழ்க. ஆனால் உங்கள் தங்கை அங்கே ஓரறை வீட்டில் வாழ்கிறாளா, இருப்பவர்கள் எத்தனை பேர், அவ்வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வு முடிந்துவிட்டதா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிப்போய், சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் தண்ணீர் கொண்டுவரப்பட்டது. கிணற்றடியில் வாளி வாளியாக இறைத்துக் குளித்த பழக்கத்தோடு எட்டுப் பேர் அவ்வீட்டில் நுழைந்தால், அவர்கள் முகம் கோணாவிட்டாலும் மனம் நோகும். முன்னறிவித்துச் செல்லுங்கள், ஊர் அரிசியும் பருப்பும் காய்கறியும் கொண்டு செல்லுங்கள், இரண்டு இரவுக்கு மேல் தங்காதீர்கள், பெண்கள் சமையலில் உதவுவதோடு ஆண்களும் பாத்திரம் எடுத்து வைக்கட்டும். பாதிப் பேர் அங்கும் பாதிப் பேர் எளிய விடுதியிலும் தங்குவதும் தவறன்று. விருந்தாளி விடைபெறும்போது வீட்டார் "இன்னும் ஒருநாள் இருங்கள்" என்று மனமாரச் சொல்லவேண்டும். அதுவே நல்ல விருந்தாளிக்கு அடையாளம்.

ஐந்தாவது, பணம். நகையை அடகு வைத்துப் பயணம் செல்வதை நாம் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. வண்டிக் கட்டணம், தங்குமிடம், உணவு, நகருக்குள் போக்குவரத்து, நுழைவுச் சீட்டு என ஐந்து தலைப்புகளில் கணக்கெழுதுங்கள். வந்த கூட்டுத்தொகையில் நான்கில் ஒரு பங்கை மருந்துக்கும் எதிர்பாராச் செலவுக்குமாகத் தனியே கட்டி வையுங்கள். அப்படி வைக்க இயலாவிட்டால் ஒருநாளைக் குறையுங்கள்; அல்லது ஆறு மாதம் உண்டியலில் சேர்த்து அடுத்த விடுமுறையில் செல்லுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் சிறு தொகை ஒன்றைக் கொடுத்து, "மூன்று நாளைக்கும் இதுதான்" என்று சொல்லிவிட்டால், கடைக்குக் கடை நின்று அழுவது குறையும், கணக்கும் பழகுவார்கள்.

இறுதியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது. பிள்ளை தவறிவிடாதிருக்கும் வழி. "எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது ஒருவரும் பார்க்கவேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். இந்தப் பிள்ளைக்கு இந்தப் பெரியவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்பைப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீர் வாங்கவோ கழிவறைக்கோ செல்லும்போது, "இவனை உன்னிடம் விடுகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லி, மற்றவர் "சரி" என்று வாய்விட்டுச் சொன்னபின் செல்லுங்கள். மனத்தில் நினைத்துக்கொள்வது போதாது. அந்தக் கடற்கரையில் எட்டுப் பேரும் மனத்தில் நினைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

பெற்றோரின் முழுப் பெயரையும் ஊர்ப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு வாரம் முன்பிருந்தே பாட்டுப் போலப் பிள்ளைக்குப் பழக்குங்கள். அதே விவரத்தை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் அன்றைய உடையோடு பிள்ளையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம்கூட நினைவுக்கு வராது. தவறிவிட்டால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், காவலரிடமோ குழந்தையோடு நிற்கும் ஒரு தாயிடமோ சொல்லவேண்டும் என்று கற்பியுங்கள். சுண்டல் விற்ற அம்மையாரின் அறிவு இதுவே. நீங்களும் தயங்காமல் 112 என்னும் அவசர எண்ணையோ 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணையோ அழையுங்கள். தொடர்வண்டியிலும் நிலையத்திலும் 139. முதல் சில நிமிடங்கள் விலைமதிப்பற்றவை. பிள்ளை கிடைத்ததும் அணைத்துக்கொள்ளுங்கள். அறிவுரை கூற மறுநாள் இருக்கிறது.

எமது இளமையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறி முடிக்கிறோம். 1978-இல் எமக்கு எட்டு வயது. தந்தையார் எம்மைச் சென்னைக்கு அழைத்துச் சென்றார். இன்று வண்டலூரிலுள்ள உயிரியல் பூங்கா அந்நாளில் சென்ட்ரல் நிலையத்தின் அருகே, மூர் மார்க்கெட்டை அடுத்து இருந்தது. 1985-இல்தான் வண்டலூரில் திறக்கப்பட்டது. அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சியகத்தை 'உயிர்க் காலேஜ்' என்றும் நகர மக்கள் வேடிக்கையாக அழைத்தார்கள். அவ்விரண்டையும் பார்த்தோம் என்பது தெரியும்; என்ன பார்த்தோம் என்பது நினைவில் இல்லை. சிங்கம் இருந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் கால் வலிக்கிறது என்று நாம் சொல்வதற்கு முன்பே தந்தையார் குனிந்து, "ஏறிக்கொள்" என்று தோளைக் காட்டியது நினைவில் இருக்கிறது. அவருடைய துண்டின் வியர்வை மணம் நினைவில் இருக்கிறது. மர நிழலில் அம்மா பிரித்த புளிச்சோற்றின் சுவை நினைவில் இருக்கிறது. அவர்கள் இருவரும் இன்று கல்லறைத் தோட்டத்தில் உறங்குகின்றனர். அப்பயணத்திற்கு அவர்கள் எவ்வளவு செலவழித்தார்கள் என்பது எமக்குத் தெரியாது. ஆயினும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக அதன் பயனை நாம் அனுபவித்து வருகிறோம்.

தீப்பெட்டித் தொழிற்சாலைக் கணக்கர் சென்ற வாரம் மீண்டும் வந்திருந்தார். கையில் ஒரு தாள் இருந்தது. அதில் இடங்கள் மூன்று. அவற்றின் கீழே ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கு எதிரிலும் ஒரு பெரியவரின் பெயர் எழுதப்பட்டிருந்தது. கடைக்குட்டியின் பெயருக்கு எதிரில் 'அப்பா' என்று, பிள்ளையின் கோணல் எழுத்தில் இருந்தது. "அவனே எழுதினான், சாமி" என்றார்.

உங்கள் பயணம் இனிதே அமைவதாக. அடுத்த இதழில் சந்திப்போம்.